மக்டலின் வீட்டு அலுமாரியில் மூன்று டின்

எருக்கலம்பிட்டி,
20.02.2011

என்ட தங்கச்சி பஸீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்ட ராத்தா ஸுலைஹா எழுதிறன். நானும் உன்ட மச்சானும் அல்லாஹ்ட காவல்ல இருக்கம். நீயும் றிஸ்கான் தம்பியும் சுகமா இருக்கணும் எண்டு ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேக்கிறன். கோபம் வேற, துஆ வேற.

கடிதத்தைக் கண்டு சிரிக்காத. ஊருக்குத் திரும்பி வர லொறியில சாமான் ஏத்தின அண்டைக்கு நான் என்ன சொன்னன்? "வல்லாஹி, இனி இந்த வாயால உன்னோட ஒரு சொல் கதைக்க மாட்டன்" எண்டு சத்தியம் பண்ணினன். கையால எழுத மாட்டன் எண்டு சொல்லல்ல. அதனால கோல் எடுக்காத. நீ எடுத்து எடுத்து, உன்ட மச்சான் "அவ தொழுறா, அவ குளிக்கிறா" எண்டு பொய் சொல்லிக் களைச்சுப் போனார்.

நீ சொன்னது இன்னும் என்ட நெஞ்சில குத்திக்கொண்டுதான் கிடக்கு. "எனக்கு எருக்கலம்பிட்டி ஞாபகமே இல்ல ராத்தா, என்ட ஊர் கற்பிட்டிதான்." நல்லா இருக்கு கதை! தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை ஊரை விட்டு விரட்டேக்குள்ள உனக்கு ஆறு வயசு. உம்மா காய்ச்சல்ல கிடக்க, உன்னை இடுப்பில வச்சுக்கொண்டு வள்ளத்தில ஏறினவ நான். உம்மா தில்லையடி அகதி முகாமில மௌத்தாப் போனதுக்குப் பிறகு உனக்குச் சோறு ஊட்டி, தலை வாரி இழுத்து, நிக்காஹ் முடிச்சுக் குடுத்தவ நான். எனக்கு அல்லாஹ் புள்ள தரல்ல, உன்னைத்தான் தந்தான் எண்டு நெனச்சுக்கொண்டிருந்தன். நீ என்னடா எண்டா கற்பிட்டி வெங்காயத் தோட்டமும் பக்கத்து வீட்டு மக்டலினும் போதும் எண்டுட்டாய்.

இஞ்ச நாங்க நாலு தகரத்துக்குக் கீழதான் இருக்கம். வாப்பாட வீட்டில சுவர் ரெண்டு மிச்சம். அதுவும் போதும்.

பிஸ்கட் டின்னில கறித்தூள் அனுப்பியிருக்கிறன். உம்மாட கணக்குத்தான், கறுவாப்பட்டை ஒரு கைப்பிடி கூட. பஸ் கண்டக்டர் பாலாவிச் சந்தியில தருவார், றிஸ்கான் தம்பியை நிக்கச் சொல்லு. மக்டலினுக்குக் குடுக்காத. அவக்கு மீன் இருக்கு, கடல் இருக்கு, நீயும் இருக்கிறாய். தூளாவது என்ட ஆளுக்குச் சேரட்டும்.

வஸ்ஸலாம்.
கோபம் ஆறாத ராத்தா,
ஸுலைஹா


கற்பிட்டி,
12.03.2011

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கட கையெழுத்தைக் கண்ட உடனே அழுதுட்டன். இவர் "கோபத்தில எழுதின கடிதத்துக்கு இவ்வளவு சந்தோசமா?" எண்டு கேட்டார். அவருக்கு என்ன தெரியும். நாங்க சுகம். மச்சானுக்குக் கால் நோவு எப்பிடி?

தூள் வந்து சேந்திச்சு. டின்னைத் திறந்த உடனே நீங்க அடுப்படியில நிக்கிற மாதிரியே இருந்திச்சு ராத்தா. இறைச்சிக்கு மட்டும் போடுற தூளை நான் இப்ப மீனுக்கும் போடுறன், பருப்புக்கும் போடுறன். புட்டுக்கு மேலயும் தூவிச் சாப்பிடுறன். இவர் "எல்லாக் கறியும் ஒரே மணம்" எண்டு முணுமுணுக்கிறார். சாப்பிட்டாச் சாப்பிடட்டும், இல்லாட்டிக் கடையில போய்ப் பாண் வாங்கட்டும் எண்டுட்டன்.

முன்பள்ளியில இந்த வருசம் இருபத்தாறு புள்ளைகள். தொண்டை கிழியுது. ரெண்டு கிழமையா மேல் உதட்டில சின்ன வீக்கம் ஒண்டு வந்து வந்து போகுது, பூச்சி கடிச்சதாக்கும்.

எனக்கு ஊர் ஞாபகம் இல்ல எண்டு சொன்னது பொய் இல்ல ராத்தா. உங்கட இடுப்பு ஞாபகம் இருக்கு. வள்ளத்தில உங்கட பாவாடை நனைஞ்சிருந்தது ஞாபகம் இருக்கு. அதை அண்டைக்குச் சொல்ல விடாம நீங்க சத்தியம் பண்ணிட்டீங்க.

ஒருக்கா கோல்ல கதைங்களேன்.

உங்கட துஆவில என்னையும் சேத்துக்கொள்ளுங்க.
பஸீனா


எருக்கலம்பிட்டி,
09.04.2011

பஸீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் விசாரிக்க எனக்கு இப்ப பொறுமை இல்ல.

தில்லையடி ஹாஜரா, துணி விக்கிறவ, நேத்து இஞ்ச கலியாண வீட்டுக்கு வந்தா. "உங்கட தங்கச்சி இப்ப முகம் மூடித்தான் வெளியில வாறா" எண்டா. நான் நெனச்சன், நல்ல விசயம், மார்க்கப்பற்று கூடிட்டுது, ராத்தாக்குச் சொல்லாம ஆலிமா ஆகிட்டா எண்டு. அதிலயும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், மறைக்க மாட்டன். உனக்கு அலிஃப் சொல்லித் தந்தவ நான்தானே.

பிறகு ஹாஜரா என்னை ஒரு பக்கமாக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னா. துணி போட்டுப் பாக்கேக்குள்ள நீ முகத்திரையைக் கழட்டினியாம். மேல் உதடு பெருத்து வெடிச்சுப் போய் இருந்திச்சாம். "கதவில முட்டிட்டன்" எண்டு சொன்னியாம். எந்தக் கதவு புள்ள உதட்டில மட்டும் முட்டும்? கற்பிட்டி முழுக்க றிஸ்கான் கை நீட்டிட்டான் எண்டுதான் கதையாம்.

அவன் உனக்கு அடிச்சானா? ஓம் எண்டா ஓம் எண்டு எழுது. நான் உன்ட மச்சானோட வந்து இறங்குவன். வாய் திறக்க மாட்டன் எண்டுதான் சத்தியம், உலக்கை தூக்க மாட்டன் எண்டு இல்ல. அவனுக்கு ஒரு தனிக் கடிதம் எழுதி வச்சிருக்கிறன். உன்ட பதில் வரும் வரைக்கும் அனுப்ப மாட்டன்.

இது முழுக்க மக்டலினுக்குத் தெரியும், என்ன? எனக்கு மட்டும் பூச்சி கடிச்ச கதை.

ஸுலைஹா


கற்பிட்டி,
18.04.2011

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடுங்க. இவர் எனக்கு ஒரு நாளும் கை நீட்டினதில்ல. உங்கட கடிதத்தை இவர் வாசிச்சுட்டு ரெண்டு நாள் சோறு சரியாச் சாப்பிடல்ல. பள்ளிவாசல்ல சனம் ஒரு மாதிரிப் பாக்குதாம். "நான் எந்த வாயால இல்ல எண்டு சொல்றது?" எண்டு கேக்கிறார். பாவம் ராத்தா.

கதவு எண்டு சொன்னது என்ட பிழைதான். உண்மையைச் சொன்னா யார் நம்பப் போறாங்க? காரணமே இல்லாம வீங்குது. முதல்ல வந்து வந்து போனது. ஒரு நாள் இருக்கும், ரெண்டு நாள்ல வத்திரும். மார்ச் கடைசியில வந்தது போகவே இல்ல. நோவு இல்ல, அரிப்புக் கடி இல்ல. அமத்திப் பாத்தா ரப்பர் மாதிரி இருக்கு. நடுவில வெடிச்சுத் தேத்தண்ணி பட்டா எரியுது. நாக்கிலயும் வரி வரியா விழுந்திருக்கு.

முதல்ல ஒரு டொக்டர் அலர்ஜி எண்டு வெள்ளைக் குளிசை தந்தார். நித்திரை வந்திச்சு, வீக்கம் போகல்ல. இறால், நண்டு, முட்டை எல்லாத்தையும் விட்டன். அதுக்கும் போகல்ல. அதுக்குப் பிறகு ஒரு பல் டொக்டர் பல்லிலதான் கிருமி எண்டு நல்ல பல்லொண்டைப் புடுங்கினார். இப்ப பல்லும் இல்ல, உதடும் அப்பிடியே. மாமி ஓதின தண்ணி எடுத்துத் தந்தா. குடிச்சன். ஆறுதலா இருந்திச்சு.

முன்பள்ளியில ஒரு சின்னப் புள்ள என்னைப் பாத்துட்டுக் கத்திச்சு. அண்டைக்குத்தான் முகம் மூடத் தொடங்கினன். மார்க்கப்பற்று எண்டு நீங்க நெனச்சதைக் கேட்டு வெக்கமாப் போச்சு. பாட்டுச் சொல்லிக் குடுக்கேக்குள்ள 'ப', 'ம' எல்லாம் ஒழுங்கா வருதில்ல. இப்பிடியே இருந்தா வேலையை விட வேண்டி வரும்.

புத்தளம் ஆஸ்பத்திரியில பாத்துட்டு, இது சாதாரண அலர்ஜி இல்ல, கொழும்பில தோல் கிளினிக்குக்குப் போங்க எண்டு துண்டு எழுதித் தந்திருக்கிறாங்க. இவருக்கு வெங்காயம் கிண்டி எடுக்கிற நேரம். எனக்குச் சிங்களம் வராது. மக்டலின் சிலாபத்தில பொறந்தவ, சிங்களம் தண்ணி மாதிரி. அவதான் வாறா.

தூள் முடியப் போகுது ராத்தா. அது மட்டும்தான் எனக்கு இப்ப வாய்க்குப் புடிக்குது.

பஸீனா


எருக்கலம்பிட்டி,
03.05.2011

தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். றிஸ்கான் தம்பிக்கு எழுதினதைக் கிழிச்சு அடுப்பில போட்டுட்டன். அவரிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு. நல்ல மனிசன். நான் பாத்து முடிச்சுக் குடுத்த மாப்பிள்ளை, எப்பிடிப் பிழைக்கும்?

அது ஒரு பக்கம். மக்டலினோட கொழும்புக்குப் போறியா? நல்லது, போ. தில்லையடி முகாமில தடுப்பூசி போட வந்த நேரம் என்ட கழுத்தைக் கட்டிப் புடிச்சுக்கொண்டு, சட்டையை நனைச்சது யார்? ஊசி எண்டா உனக்கு ராத்தாட கை வேணும். இப்ப மக்டலின்ட கருவாட்டு மணக்கிற கை போதும்போல. எனக்குச் சிங்களம் தெரியாது எண்டதுதானே குறை? வவுனியாவில மூணு மாசம் சாமான் கடையில நிண்டவ நான், "கீயத" எண்டு விலை கேக்கத் தெரியும்.

வர எனக்கும் ஆசைதான். வந்தாக் கதைக்க வேண்டி வரும். கதைச்சாச் சத்தியம் முறியும். நான் என்ன செய்ய?

இன்னொண்டு எழுதணும். கண்ணூறாக்கும் எண்டு நெனச்சு செத்தல் மிளகாய் சுத்திப் போட்டியா? உன்ட உதட்டைப் பத்தி ஊர் கதைச்ச கதை கொஞ்சமா? முகாமில தண்ணிக் குழாயடியில நிண்டா "இவள்ட தங்கச்சி சிரிச்சா என்ன வடிவு" எண்டு எனக்கு முன்னுக்கே சொல்வாங்க. என்னைப் பொண் பாக்க வந்தவங்களும் உன்னைத்தான் தூக்கி வச்சுக் கொஞ்சினாங்க. எத்தின கண் பட்டிருக்கும். யார்ட கண்ணோ.

ரெண்டாவது டின் தூள் அனுப்பியிருக்கிறன். வாய்க்குப் புடிக்கிறதைச் சாப்பிடு.

உன்ட ராத்தா


எருக்கலம்பிட்டி,
19.06.2011

பஸீனாவுக்கு,

ஸலாம். ஏழு கிழமையாப் பதில் இல்ல. தபால்காரர் இப்ப என்னைக் கண்டா சைக்கிளை மற்றப் பக்கத்தால விடுறார்.

டொக்டர் என்ன சொன்னார் எண்டு ஒரு வரி எழுத முடியாதா? அல்லது மக்டலின் எழுத விடுறாவில்லையா? மூணாவது டின்னும் அனுப்பிட்டன். அது கிடைச்சதா எண்டாவது எழுது. நான் சோறு தின்னுறன், நித்திரை கொள்ளுறன், வீட்டுக்குச் சுவர் எழுப்புறன். எல்லாம் செய்யிறன். மனசு மட்டும் பாலாவிச் சந்தியில நிக்கிது.

ஸுலைஹா


கற்பிட்டி,
08.07.2011

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிந்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க. நாலு தரம் கொழும்புக்குப் போய் வந்தம்.

இப்ப பேர் தெரிஞ்சிட்டுது. டொக்டர் ஒரு பொம்பிளை, சிங்கள ஆள், கை சரியான மெது. முதல் நாளே உதட்டை விரலால புடிச்சுப் பாத்துட்டு, நாக்கையும் பாத்துட்டு, "முகம் ஒரு பக்கம் எப்பவாவது இழுத்திருக்கா?" எண்டு கேட்டா. இல்ல எண்டன். பிறகு உதட்டை விறைக்க வச்சு உள்பக்கத்தில ஒரு மொச்சைக்கொட்டை அளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினா. காசநோயோ எண்டு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்க, இரத்தம் எடுத்தாங்க. சில பேருக்குக் குடல்லயும் வருத்தம் இருக்குமாம், அதனால வயித்தையும் பாத்தாங்க. அல்ஹம்துலில்லாஹ், அதெல்லாம் சுத்தம்.

துண்டில "கிரனுலோமட்டஸ் கைலைட்டிஸ்" எண்டு எழுதித் தந்தா. ஆயிரத்தில ஒருத்தருக்கும் வராதாம். கிருமி இல்ல, புற்றுநோய் இல்ல, ஒட்டாது. உதட்டுக்குள்ள உடம்பே உடம்போட சண்டை புடிக்கிதாம். ஏன் எண்டு முழுசா யாருக்கும் தெரியாதாம். கண்ணூறு பத்தி மக்டலின் கேட்டா. டொக்டர் சிரிச்சுட்டு, "யார்ட கண்ணுக்கும் இவ்வளவு பலம் இல்ல" எண்டாவாம்.

உதட்டுக்குள்ளேயே ஊசி போடுறாங்க. விறைக்கப் பண்ணித்தான் போட்டாங்க, ஆனாலும் கண்ணால தண்ணி வந்திட்டுது. ரெண்டு தரம் போட்டாச்சு. பாதி வத்தியிருக்கு. சாப்பாட்டிலயும் மூணு மாசத்துக்குச் சில சாமான் கூடாதாம். போத்தில் குளிர்பானம், சோஸ், ஜாம், இப்பிடிச் சில்லறைச் சாமான்கள். பற்பசையும் மாத்தச் சொன்னா.

மூணு டின்னும் கிடைச்சுது ராத்தா. மணம் நல்லா இருக்கு.

ஊசி போடேக்குள்ள மக்டலின் கையைத்தான் புடிச்சன். பொய் சொல்ல விருப்பமில்ல. கண்ணை மூடிக்கொண்டுதான் புடிச்சன்.

பஸீனா


எருக்கலம்பிட்டி,
14.09.2011

பஸீனாவுக்கு,

ஸலாம் சொல்றது கடமை, சொல்லிட்டன்.

நோன்புப் பெருநாளைக்குத் துணி விக்க ஹாஜரா கற்பிட்டிக்கு வந்தாவாம். மக்டலின் வீட்டுக்கும் போனாவாம். மீன் குழம்பு கொதிச்சுக்கொண்டிருந்திச்சாம். "எனக்கு மூக்கு ஏமாறாது ஸுலைஹா, அது உன்ட தூள்" எண்டா. அலுமாரியைப் பாத்தா என்ட மூணு டின்னும் வரிசையா நிக்கிதாம்! ஒண்டு இல்ல, ரெண்டு இல்ல, மூணு!

நான் மல்லியைக் கழுவி, வெயில்ல காய வச்சு, கையால வறுத்து, இடிச்சு, அரிச்சு அனுப்பினன். என்ட தங்கச்சிக்கு வாயில வேற ஒண்டும் புடிக்கல்ல எண்டு நம்பி அனுப்பினன். "மக்டலினுக்குக் குடுக்காத" எண்டு முதல் கடிதத்திலேயே எழுதினன். நீ என்னடா எண்டா அப்பிடியே வேலிக்கு மேலால தூக்கிக் குடுத்திட்டு "மணம் நல்லா இருக்கு" எண்டு எனக்கு எழுதுறாய். யார் வீட்டுக் குழம்பில மணம்?

எனக்குப் பொறாமைதான். ஓம், நல்லா எழுதி வச்சுக்கொள். அந்தப் பொம்பிளையில எனக்கு எரிஞ்சு எரிஞ்சு வருது. உன்னோட பஸ்ஸில போனா, உன்ட கையைப் புடிச்சா, உன்ட கண்ணீரைப் பாத்தா. போகட்டும் எண்டு இருந்தன். கடைசியில எங்கட உம்மாட தூளையும் தின்னுறா.

இனி டின் வராது. கடிதமும் வராது. சத்தியம் இப்ப கைக்கும் சேத்துத்தான்.

ஸுலைஹா


கற்பிட்டி,
27.09.2011

அன்பான ஸுலைஹா அக்காவுக்கு,

ஆண்டவர் உங்களையும் அண்ணனையும் காப்பாத்துவாராக. நான் மக்டலின், பக்கத்து வீடு. இந்தக் கடிதம் எழுதிறது பஸீனாக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னு போடுவா. ஆனா உங்கட கடிதத்தை வச்சுக்கொண்டு அவ மூணு நாளா அடுப்பு மூட்டல்ல. எனக்குப் பொறுக்க முடியல்ல.

அக்கா, ரெண்டாவது தரம் கொழும்புக்குப் போன அண்டைக்கு டொக்டர் ஒரு பட்டியல் தந்தா. இந்த வருத்தக்காரர் சில பேருக்குச் சில சாமான் சேராது, விட்டாக் குறையும் எண்டு. பட்டியல்ல முதலாவது கறுவா. நான்தான் தமிழ்ல சொன்னன். "கறுவா எவ்வளவு சாப்பிடுறீங்க?" எண்டு டொக்டர் கேட்டா. வீட்டில எல்லாக் கறிக்கும் போடுற தூள்ல கறுவா இருக்கு எண்டு நான் சொன்னன். "எப்ப இருந்து எல்லாக் கறிக்கும்?" எண்டா. ராத்தா ஊருக்குப் போனதில இருந்து எண்டு பஸீனா மெல்லச் சொன்னா.

கறுவாதான் காரணம் எண்டு டொக்டர் அடிச்சுச் சொல்லல்ல. தெரியாது, விட்டுப் பாப்பம் எண்டுதான் சொன்னா. விட்டதுக்குப் பிறகு, ஊசியும் போட்டதால, இப்ப முக்கால்வாசி வத்தியிருக்கு. நோன்புக் கஞ்சியிலயும் கறுவா எண்டு பள்ளியில குடுக்கிற கஞ்சியை ஒரு நாளும் அவ குடிக்கல்ல.

அண்டைக்கு பஸ்ஸில சிலாபம் வரைக்கும் அழுதா. என்ட தலையில சத்தியம் வாங்கினா, ராத்தாக்குச் சொல்லக் கூடாது எண்டு. "அவ ஆசையா அனுப்பின சாமானாலதான் எனக்கு வந்தது எண்டு தெரிஞ்சா, அவ தூள் இடிக்கிறதையே விட்டிருவா" எண்டா. ராத்தாட தூளைக் கொட்ட மாட்டன் எண்டு என்ட வீட்டில கொண்டு வந்து வச்சா. நான் சமைக்காட்டிக் கோவிக்கிறா.

நான் மீன் குழம்பு வைக்கிற நாளில அவ வந்து குசினி வாசல்ல நிப்பா. கொதிச்சு முடியும் வரைக்கும் நிப்பா. சாப்பிட மாட்டா. மணந்துட்டுப் போவா.

அக்கா, எனக்குக் கூடப் பொறந்த பொம்பிளைகள் ஒருத்தரும் இல்ல. கடிதம் எழுதிச் சண்டை புடிக்கவும் ஆள் இல்ல. நீங்க என்னில பொறாமைப்படுறீங்க எண்டு வாசிச்ச நேரம் எனக்குச் சிரிப்பு வந்திச்சு, பிறகு அழுகையும் வந்திச்சு. உண்மையில இஞ்ச பொறாமைப்பட வேண்டிய ஆள் நான்தான்.

தூள் நல்ல ருசி. அதையும் சொல்லணும்.

மக்டலின்


எருக்கலம்பிட்டி,
24.10.2011

என்ட கண்மணிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். உன்ட உதடு எப்பிடி? முதல்ல அதை எழுது. மற்றதெல்லாம் பிறகு.

மக்டலின் எழுதினா. அவவைக் கோவிக்காத. நான் வாசிச்சுட்டு உரலுக்குப் பக்கத்தில அப்பிடியே குந்திட்டன். உன்ட மச்சான் "யார் மௌத்து?" எண்டு ஓடி வந்தார்.

ஒரு விசயம் உன்னட்ட ஒத்துக்கொள்ளணும். ஏப்ரல்ல நீ உதட்டைப் பத்தி எழுதின கடிதம் வந்த நேரம் எனக்கு முதல்ல வந்தது கவலை இல்ல. சந்தோசம். அல்லாஹ் என்னை மன்னிக்கணும். "இனி அவளுக்கு என்னைத் தேடும், இனி நான் இல்லாம அவளால முடியாது" எண்டு நெனச்சன். பத்து நிமிசம் இருக்கும். பத்து நிமிசமும் நான் சந்தோசமா இருந்தன். அதுக்குப் பிறகுதான் அழுதன். யார்ட கண்ணோ எண்டு உனக்கு எழுதினன்தானே, அது என்ட கண்ணாக்கும் எண்டு பயந்துதான் எழுதினன். டொக்டர் அம்மா யார்ட கண்ணுக்கும் பலம் இல்ல எண்டு சொன்னதை வாசிச்சுட்டுத்தான் அண்டைக்கு நித்திரை கொண்டன். கடைசியில கண்ணால இல்ல, கையால செஞ்சிருக்கிறன்.

நீ என்னத்துக்கு எனக்குச் சொல்லல்ல புள்ள? நான் தூள் இடிக்கிறதை விட்டிருவன் எண்டா? உன்ட உதட்டை விட உரல் எனக்குப் பெரிசா? உன்னை அடிக்கணும் போல இருக்கு, அணைக்கணும் போலயும் இருக்கு.

இப்ப கேள். பள்ளி மௌலவியிட்டப் போய்ச் சத்தியத்தைப் பத்திக் கேட்டன். "கூடப் பொறந்தவளோட கதைக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்றதே பிழை. முறிச்சுப் போட்டுக் கப்பாராக் குடுங்க, பத்து ஏழைக்குச் சாப்பாடு" எண்டார். இஞ்ச ஏழைகளைத் தேடி எங்க போறது, வேலிக்கு மேலால கூப்பிட்டாப் போதும். நேத்துப் பத்துப் பேரையும் இருத்திச் சோறும் இறைச்சியும் குடுத்தன்.

கறுவா போடாம இடிச்ச தூள்லதான் கறி வச்சன். உம்மா இருந்திருந்தா என்ட காதைத் திருகியிருப்பா. பத்துப் பேரும் தின்னுட்டு, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ், ஆனா முந்தின ருசி இல்ல" எண்டாங்க. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா! உம்மாட கணக்குத்தான் சரி எண்டு பத்துச் சாட்சி. இருந்தாலும் உனக்கு இனிக் கறுவா போடாதது மட்டும்தான் வரும். ருசி இல்லாட்டியும் தின்னு.

டின் ரெண்டு அனுப்பியிருக்கிறன். சிவப்பு டின் உனக்கு, கறுவா இல்ல. நீல டின் மக்டலினுக்கு, கறுவா போட்டது. ஓம், மக்டலினுக்குத்தான். நல்ல ருசி எண்டு எழுதத் தெரிஞ்ச மனிசி. என்ட எரிச்சல் முழுசாப் போகல்ல எண்டு அவக்குச் சொல்லாத. கொஞ்சம் மிச்சம் இருக்கு, அது போகாது.

நவம்பர் நாலாம் திகதி வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகை முடிஞ்ச கையோட கோல் எடுப்பன். ஃபோனைக் கையிலேயே வச்சுக்கொண்டிரு.

உன்ட ராத்தா


கற்பிட்டி,
05.11.2011

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் ரெண்டு நாள். இவர் சந்தைக்குப் போயிருக்கிறார். உங்களிட்ட ஃபோன் இருக்கு, என்னட்ட ஃபோன் இருக்கு, நான் கடிதம்தான் எழுதுறன். இப்ப எனக்குக் கோபம்.

உதடு சொல்லுறன். ஊசி இன்னும் ஒண்டு இருக்கு. பிறகு நாலு மாசத்துக்கு ஒருக்காப் போய்க் காட்டணும். திரும்பவும் வரலாம், வராமலும் இருக்கலாம், ரெண்டுக்கும் மனசைத் தயாரா வச்சிருங்க எண்டு டொக்டர் சொன்னா. திங்கக்கிழமை முகம் மூடாம முன்பள்ளிக்குப் போனன். கத்தின புள்ளை வந்து என்ட உதட்டைத் தொட்டுப் பாத்துட்டு, "டீச்சருக்கு வாய் சின்னதாப் போச்சு" எண்டிச்சு. சிவப்பு டின்னில புட்டுக்குத் தூவிச் சாப்பிட்டன். முந்தின ருசி இல்லத்தான். டின்ல பாதி முடிஞ்சு போச்சு.

இனி கோபத்துக்கு வாறன்.

நேத்து ஜும்மா முடிஞ்சு கோல் வந்திச்சு. காலையில இருந்து கையிலேயே வச்சிருந்தன். "ராத்தா" எண்டன். நீங்க அழுதீங்க. நானும் அழுதன். திரும்ப "ராத்தா" எண்டன். நீங்க இன்னும் அழுதீங்க. ஒன்பது நிமிசம் ராத்தா, ஃபோன்ல காட்டுது. ஒரு சொல் வரல்ல உங்கட வாயால. மூக்கை உறிஞ்சின சத்தம் மட்டும். மௌலவியிட்டக் கேட்டா, சத்தியம் இன்னும் முறியல்ல எண்டுதான் சொல்லுவார். பத்துப் பேருக்குக் குடுத்த சோறு சும்மா போச்சு.

அதுக்குள்ள மக்டலின் வந்து "தாங்க, நான் ஒரு சொல் கதைக்கிறன்" எண்டு ஃபோனை வாங்கிட்டா. அவவோட இருபத்திரண்டு நிமிசம் கதைச்சீங்க! மல்லி எந்தப் பதத்தில இறக்கிறது, பெருஞ்சீரகம் எத்தின கரண்டி, ஹாஜராட வாய் எவ்வளவு நீளம், எல்லாம் கதைச்சீங்க. சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சீங்க. நான் வாசல்ல நிண்டு கேட்டுக்கொண்டிருந்தன். கடைசியில அவ ஃபோனைத் தரேக்குள்ள காசு முடிஞ்சு கோல் கட்.

எனக்கு எப்பிடி இருந்திச்சு தெரியுமா? வயிறு எரிஞ்சிச்சு. சரியான பொறாமை. அவவோட ரெண்டு நாளைக்குக் கதைக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணப் பாத்தன். பயத்தில பண்ணல்ல.

இந்தக் கடிதத்தைக் கண்டக்டரிட்டயே குடுத்து விடுறன். நாளைக்குக் கிடைக்கும். கிடைச்ச உடனே எடுங்க. ஒரு சொல் சொன்னாப் போதும், "பஸீனா" எண்டு.

மக்டலின்ட நம்பருக்கு எடுக்காதீங்க. என்ட நம்பருக்கு எடுங்க.

உங்கட தங்கச்சி